பழைய டிரக்டரின் ஸ்டியரிங் கோளாறு: டயரில் தொடங்கி மேலே ஏறித் தேடும் முறை

பழைய டிரக்டர் வாங்கியவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடுதான் வருவார்கள்: "ஸ்டியரிங்கில ப்ளே கூடிப்போச்சு, பொக்ஸை டைட் பண்ணினா சரிதானே?" சரியில்லை. ப்ளே என்பது வீலைத் திருப்பியும் சக்கரம் அசையாத வெற்று ஆட்டம், பொக்ஸ் என்பது வீலின் தண்டு போய்ச் சேரும் ஸ்டியரிங் பல்சக்கரப் பெட்டி. கோளாறு பெரும்பாலும் பொக்ஸுக்குக் கீழே, மண்ணுக்குப் பக்கத்தில்தான் இருக்கும். பொக்ஸில் முதலில் கை வைத்தவர்கள் நல்ல பொக்ஸைக் கெடுத்துவிட்டு, தேய்ந்த ஜொயின்ட்டோடு மறுபடி பாதையில் இறங்குவதைப் பல தடவை பார்த்துவிட்டேன். ஆகவே இந்த வழிகாட்டியின் வரிசை டயரில் தொடங்கி, ஒவ்வொரு இணைப்பாக மேலே ஏறி, கடைசியில் பொக்ஸுக்கு வருகிறது.

இங்கே சொல்வதெல்லாம் மெஸி பெர்குசன் 35, 135 போல, கைப்பலத்தால் மட்டும் திருப்பும் நான்கு சக்கர டிரக்டரை மனதில் வைத்துச் சொல்வது. வேறு கம்பனி டிரக்டர்களுக்கும் வரிசை இதேதான். பவர் ஸ்டியரிங் உள்ளவர்களுக்குப் பின்னால் தனிப் பகுதி இருக்கிறது.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு நல்ல ஜெக், தடித்த மரக்கட்டைகள், சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க ஆப்புகள், ஜெக்குக்கு அடியில் வைக்க ஒரு பலகை, கிரீஸ் கன், ஸ்பெனர்கள், இரண்டு சுத்தியல், அளவு நாடா, சோக்கட்டி, மண்ணெண்ணெயும் பழைய பிரஷும். நட் கழன்றுவிடாமல் குறுக்கே செருகி வளைக்கும் ஸ்ப்ளிட் பின் பல அளவுகளில் புதிதாக வாங்கி வையுங்கள். கழற்றிய பின்னை நிமிர்த்தி மறுபடி போடுவது நம்மவர்களிடம் உள்ள கெட்ட பழக்கம். ஒருமுறை வளைந்த இடத்தில் இரும்பு களைத்துப்போயிருக்கும், இரண்டாம் முறை வளைத்தால் பாதையில் முறியும்.

உதவிக்கு ஒருவர் கட்டாயம் வேண்டும். மேலே ஒருவர் ஸ்டியரிங் வீலை ஆட்ட, கீழே ஒருவர் கை வைத்துப் பார்ப்பதுதான் இந்த வேலையில் பாதி. தனியாகச் செய்பவர் வீலை ஆட்டிவிட்டு இறங்கி ஓடிவருவதற்குள் ஆட்டம் நின்றுவிடும்.

அப்புறம் சமதரை. மலையகத்தில் அதைத் தேடுவதே ஒரு வேலை. தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தின் சிமெந்துத் தரையோ கராஜ் தரையோ கிடைத்தால் நல்லது. சரிவில் நிற்கும் டிரக்டரின் பாரம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். அங்கே எடுக்கும் எந்த அளவையும் நம்ப முடியாது.

2. நிறுத்துவதும் தூக்குவதும்

டிரெய்லரைக் கழற்றுங்கள். பின்னால் கலப்பையோ வேறு கருவியோ இருந்தால் தரையில் இறக்கி வையுங்கள். என்ஜினை நிறுத்தி, பின் சக்கரம் இரண்டுக்கும் முன்னாலும் பின்னாலும் ஆப்பு வையுங்கள். பழைய டிரக்டரின் ஹேண்ட் பிரேக்கை நம்பி அதன் கீழே படுக்க வேண்டாம்.

முன் அச்சு நடுவில் ஒரே ஒரு பின்னில் தொங்குகிறது. பாதை மேடு பள்ளத்துக்கு ஏற்ப அது இரு பக்கமும் ஆட வேண்டும் என்பதற்காகவே அப்படி அமைத்திருக்கிறார்கள். நடுவில் ஜெக் வைத்துத் தூக்கினால் அச்சு ஒரு பக்கமாகச் சாயும், அல்லது அச்சு அசையாமல் டிரக்டரே சாயும். அதனால் தூக்குமுன் அச்சுக்கும் அதன் மேலுள்ள தாங்கிக்கும் இடையே இரு பக்கமும் மர ஆப்பு அடித்து அசைவை நிறுத்துங்கள். தூக்கிய பிறகு மரக்கட்டையில் இறக்கி, ஜெக்கைத் துணைக்கு மட்டும் விட்டுவையுங்கள். மழை பெய்த மண்ணில் ஜெக் மெதுவாகப் புதையும், அதற்குத்தான் பலகை.

3. கழுவுங்கள், ஆனால் கிரீஸ் அடிக்காதீர்கள்

சேறும் பழைய கிரீஸும் சேர்ந்து எல்லா ஜொயின்ட்டையும் மூடியிருக்கும். மண்ணெண்ணெய் போட்டு வெளியே தேய்த்துக் கழுவுங்கள். வெடிப்பு, புதிதாகப் பளபளக்கும் இரும்பு, துருப்பொடி வழிந்த சிவப்புக் கோடு ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். பழைய இரும்பில் ஓரிடம் மட்டும் பளபளத்தால் அங்கே ஏதோ உரசுகிறது என்று அர்த்தம்.

புதியவர்கள் முதல் வேலையாகக் கிரீஸ் கன்னைத்தான் எடுப்பார்கள். இப்போது வேண்டாம். புதுக் கிரீஸ் தேய்ந்த இடைவெளியை நிரப்பி, ஆட்டத்தை இரண்டொரு நாளைக்கு மறைத்துவிடும். பழைய டிரக்டர் விற்பவர்களுக்கும் இது தெரியும். வாங்கப் போன இடத்தில் முன் அச்சில் மட்டும் புதுக் கிரீஸும் புதுப் பெயின்ட்டும் இருந்தால் நான் அந்த அச்சைத்தான் அதிக நேரம் பார்ப்பேன்.

4. ஓட்டுபவரிடம் கேளுங்கள்

"ஸ்டியரிங் சரியில்லை" என்று சொன்னால் போதாது. கனமாக இருக்கிறதா, தளர்வாக இருக்கிறதா, ஒரு பக்கம் இழுக்கிறதா, வேகத்தில் முன் சக்கரம் படபடவென ஆடுகிறதா? நான்கும் வேறு வேறு இடத்தைக் காட்டுபவை. எப்போது நடக்கிறது என்பதையும் கேளுங்கள். பள்ளத்தில் இறங்கும்போதா, ஏறும்போதா, பிரேக் பிடிக்கும்போது மட்டுமா, டிரெய்லர் இருக்கும்போது மட்டுமா?

பிரேக் பிடிக்கும்போது மட்டும் இழுத்தால் ஸ்டியரிங்கைத் தொடாதீர்கள். டிரக்டருக்கு இடது, வலது என இரண்டு பிரேக் பெடல். வயலில் சுருக்கமாகத் திரும்புவதற்காகத் தனித்தனியாக மிதிக்கலாம், பாதையில் இரண்டையும் கொக்கியால் சேர்த்துப் பூட்ட வேண்டும். பூட்டாமல் விட்டாலோ, ஒரு பக்கப் பிரேக் கூடுதலாகப் பிடித்தாலோ டிரக்டர் அந்தப் பக்கம் பாயும். வெலிமடைப் பக்கத்து இறக்கம் ஒன்றில் எனக்கே இது நடந்தது. ஸ்டியரிங் முழுவதையும் கழற்றிப் பார்த்த பிறகுதான், வலது பிரேக்கில் ஒயில் இறங்கியிருந்தது தெரிந்தது. அந்த இரண்டு நாள் கூலியை இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை.

இன்னொன்று மலைப் பாதைக்கே உரியது. கிழங்கு மூட்டையோ கொழுந்தோ ஏற்றிய டிரெய்லரோடு ஏற்றத்தில் போகும்போது "ஸ்டியரிங் பிடிக்கவே இல்லை" என்பார்கள். முன் சக்கரத்தில் பாரம் குறைந்து, டயர் தரையைப் பிடிக்காமல் வழுக்குவதுதான் அது. டிரக்டரின் வெற்று எடையில் குறைந்தது 20 வீதமாவது முன் அச்சில் இருக்க வேண்டும் என்பது பொதுக் கணக்கு. டிரெய்லரை உயரமான இடத்தில் கொளுவினால் அது பின் அச்சைச் சுற்றி மூக்கைத் தூக்கப் பார்க்கும். கொளுவும் இடத்தைத் தாழ்த்துங்கள், பாரத்தைக் குறையுங்கள், முன்னால் எடை போடுங்கள். எந்த ஜொயின்ட்டை மாற்றினாலும் இது தீராது. விட்டால் ஒருநாள் டிரக்டர் பின்பக்கமாகவே கவிழும்.

5. டயரும் காற்றும்

இரண்டு முன் டயரும் ஒரே அளவா, ஒரே கோடு அமைப்பா, ஒரே அளவு தேய்ந்ததா என்று பாருங்கள். 135இல் 6.00-16 அளவு டயர் சாதாரணம். ஒரு பக்கம் புதிது, மறுபக்கம் மொட்டை என்றால் மற்ற எல்லாம் சரியாக இருந்தாலும் ஒரு பக்கம் இழுக்கும்.

காற்றை மீட்டரால் அளந்து இரண்டையும் சமமாக்குங்கள். எவ்வளவு என்பதை டிரக்டர் கையேட்டிலும் டயர் பக்கத்திலும் பாருங்கள். காற்றுக் குறைந்த டயர் தரையில் அகலமாகப் பரவி ஸ்டியரிங்கைக் கனமாக்கும். உதைத்துப் பார்த்துக் காற்று சொல்பவர்களை நம்பாதீர்கள், முன் டயரின் பக்கச்சுவர் தடிப்பானது, பாதிக் காற்றிலும் கல்லு மாதிரி இருக்கும்.

டயர் தேய்ந்த விதத்தையும் பாருங்கள். வெளி ஓரமோ உள் ஓரமோ மட்டும் செதில் செதிலாகத் தேய்ந்திருந்தால் சக்கரக் கோணம் (இரு முன் சக்கரமும் உள்ளேயோ வெளியேயோ பார்க்கும் அளவு) பிழை என்று குறித்து வையுங்கள். அதை இப்போது திருத்த வேண்டாம். ஜொயின்ட்கள் ஆடிக்கொண்டிருக்கும்போது கோணம் வைத்தால் அது நிற்காது.

6. சக்கர பெயாரிங்

ஒரு முன் சக்கரத்தைத் தூக்கி, டயரை மேலும் கீழும் பிடித்து உள்ளே வெளியே ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் அது பெயாரிங்காகவும் இருக்கலாம், சக்கரம் இடம் வலமாகத் திரும்பும் செங்குத்துத் தண்டான கிங் பின்னாகவும் இருக்கலாம். பிரித்தறிய, உதவியாளர் ஆட்டும்போது ஹப்புக்குப் பின்னால் உள்ள அச்சுத் துண்டில் விரலை வையுங்கள். சக்கரம் மட்டும் ஆடி அச்சுத் துண்டு அசையாமல் இருந்தால் பெயாரிங். இரண்டும் சேர்ந்து ஆடினால் கிங் பின். பலர் இந்த இடத்தில் அவசரப்பட்டுப் பெயாரிங் வாங்கிப் போடுவார்கள், ஆட்டம் அப்படியே இருக்கும்.

பெயாரிங் தளர்ந்திருந்தால் மூடியையும் ஸ்ப்ளிட் பின்னையும் கழற்றி, சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்குங்கள். சுற்றுவது கனமாகும்போது நிறுத்தி, ஸ்ப்ளிட் பின் நுழையும் நட்டின் அடுத்த வெட்டுவரை தளர்த்திப் புதுப் பின் போடுங்கள். சுற்றாமல் இறுக்கினால் உருளைகள் சரியாக உட்காராது, இரண்டாம் நாள் மறுபடி ஆடும். சுற்றும்போது கரகரப்புக் கேட்டால் இறுக்கிப் பயனில்லை. பெயாரிங்கையும் சீலையும் மாற்றத்தான் வேண்டும்.

7. கிங் பின்னும் புஷ்ஷும்

கிங் பின் ஆடினால், அதன் தண்டைச் சுற்றியிருக்கும் குழாய்களான மேல் புஷ், கீழ் புஷ் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். கீழ் புஷ்தான் எப்போதும் கூடுதலாகத் தேயும், சேற்றுத் தண்ணீர் அங்கேதான் நிற்கிறது. அதை மட்டும் மாற்றினால் தண்டு சாய்ந்து நின்று புது புஷ்ஷை ஓரமாகத் தின்னும். கழற்றியதும் தண்டை நகத்தால் தடவிப் பாருங்கள். படி மாதிரித் தட்டினால் தண்டும் போய்விட்டது.

புது புஷ்ஷை அடித்து ஏற்றியபின் உள் அளவு சற்றுச் சுருங்கும். தண்டு நுழையவில்லை என்று சுத்தியலால் அடிக்காதீர்கள். லேத்தில் கொடுத்து ரீமர் போட்டு (துளையை அளவுக்குச் சீவி) வாங்குங்கள். அடித்து ஏற்றிய கிங் பின்னால்தான் "எல்லாம் புதிதாகப் போட்டேன், முன்னைவிடக் கனமாக இருக்கிறது" என்ற முறைப்பாடு வருகிறது.

கிங் பின்னின் மேல் நுனியில் ஸ்டியரிங் ஆர்ம் பூட்டியிருக்கும். அதன் போல்ட் தளர்ந்தாலோ உள்ளே இரண்டையும் பூட்டும் சிறு இரும்புத் துண்டான கீ தேய்ந்தாலோ ஆர்ம் திரும்பும், சக்கரம் சற்றுத் தாமதித்துத்தான் திரும்பும். வெளியே ஒன்றும் தெரியாது. ஆர்முக்கும் தண்டுக்கும் குறுக்காகச் சோக்கட்டியால் ஒரு கோடு போட்டு வீலை ஆட்டுங்கள். கோடு இரண்டாக விலகினால் கோளாறு அங்கே.

8. நடு பின்னும் ரேடியஸ் ரொட்டும்

அச்சின் நடு பின்னைச் சோதிக்க, முன்பு அடித்த ஆப்புகளை எடுத்துவிட்டு, அச்சு முன்னும் பின்னும் நகர்கிறதா என்று கடப்பாரையால் மெதுவாக நெம்பிப் பாருங்கள். சற்று நகர்ந்தால் பயமில்லை. கண்ணுக்குத் தெரிய இடித்தால் புஷ் போய்விட்டது.

பின்பக்கம் சாய்ந்த அச்சுள்ள 35, 135இல் அச்சின் இரு முனையிலிருந்தும் ஒவ்வொரு ரேடியஸ் ரொட் பின்னால் போய் கியர் பொக்ஸ் பக்கத்தில் பிடித்திருக்கும். அதன் பின் முனை தளர்ந்தால் அச்சு முழுவதுமே சற்று முன் பின்னாக நகரும். ஓட்டுபவருக்கு அது ஸ்டியரிங் ப்ளே மாதிரியே தோன்றும். இதைப் பார்க்காமல் பொக்ஸைக் கழற்றியவர்கள் பலர், சேறு மூடிக்கிடப்பதால் அது கண்ணில் படாது.

9. ஜொயின்ட்கள்: ஆட்டிப் பார்க்கும் சோதனை

முழு வேலையிலும் முக்கியமான பகுதி இது. சக்கரங்களைத் தரையில் இறக்குங்கள். தூக்கிய நிலையில் சக்கரம் எதிர்ப்பில்லாமல் கூடவே திரும்பிவிடும், ஜொயின்ட்டின் ஆட்டம் வெளியே தெரியாது. தரையில் நின்றால்தான் டயர் பிடித்துக்கொள்ளும், ப்ளே எல்லாம் ஜொயின்ட்டில் தெரியும்.

என்ஜின் நிறுத்தப்பட்டிருக்க, உதவியாளர் ஸ்டியரிங் வீலை இடமும் வலமும் ஒரு சாண் அளவுக்கு ஆட்டிக்கொண்டே இருக்கட்டும். நீங்கள் கீழிருந்து மேலாக ஒவ்வொரு போல் ஜொயின்ட்டின் (பந்து மூட்டின்) மீதும் உள்ளங்கையை வைத்துக்கொண்டு போங்கள். கண்ணைவிடக் கை சீக்கிரம் கண்டுபிடிக்கும். தேய்ந்த ஜொயின்ட் 'டக் டக்' என்று கையில் தட்டும். விரலை இடுக்குக்குள் விடாதீர்கள், ஆர்ம் நசுக்கிவிடும்.

அதே நேரத்தில் இரண்டு முன் சக்கரமும் ஒன்றாகத் திரும்பத் தொடங்குகின்றனவா என்று பாருங்கள். மேலே சொன்ன அச்சுள்ள 135இல் பொக்ஸின் இரு பக்கமும், வீலைத் திருப்பும்போது அசையும் ஒவ்வொரு ட்ரொப் ஆர்ம் உண்டு. ஒவ்வொன்றிலிருந்தும் ட்ரெக் லிங்க் என்ற ஒரு கம்பி அந்தந்தப் பக்கச் சக்கரத்துக்குப் போகிறது. இரு சக்கரத்தையும் நேரே இணைக்கும் டை ரொட் நடுவே கிடையாது. எனவே ஒரு சக்கரம் உடனே திரும்பி மற்றது தாமதித்தால், தாமதிக்கும் பக்கத்து ட்ரொப் ஆர்மைப் பாருங்கள். ஆர்ம் உடனே அசைந்து சக்கரம் மட்டும் தாமதித்தால் கோளாறு அந்தப் பக்கத்து ஜொயின்ட்டிலோ ஸ்டியரிங் ஆர்மிலோ இருக்கிறது. ஆர்மே தாமதித்தால் அது பொக்ஸ் விஷயம். டை ரொட் உள்ள டிரக்டரில் ட்ரெக் லிங்க் பிடித்த சக்கரம் முதலிலும் மற்றது பிறகும் திரும்பினால் டை ரொட் முனைகளைச் சந்தேகியுங்கள்.

ஆடும் ஜொயின்ட்டை இறுக்கிச் சரிசெய்ய முடியாது, மாற்ற வேண்டும். ஸ்ப்ளிட் பின்னை எடுத்து, நட்டைத் தளர்த்தி மரையின் நுனிவரை விட்டுவையுங்கள். பிறகு ஆர்மின் கண் பகுதியில் ஒரு பக்கம் கனமான சுத்தியலை அணைத்து, எதிர்ப்பக்கத்தில் மற்றச் சுத்தியலால் தட்டுங்கள். கூம்பு வடிவத் தண்டு தானாக விடும். மரை நுனியில் நேரே அடித்தால் மரை காளான் மாதிரி விரியும், நட் வெளியே வராது.

பழையதைச் சுழற்றி எடுக்கும்போது எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். புதியதை அதே சுற்றுக்கு ஏற்றினால் லிங்கின் நீளம் ஏறக்குறைய அப்படியே இருக்கும், வீடு போய்ச் சேரும்வரை கோணம் கெடாது. சில லிங்குகளில் ஒரு முனை மரை எதிர்ப்பக்கம் சுற்றும். அது தெரியாமல் பலங்கொண்ட மட்டும் திருப்பி மரையைக் கடித்துக் குதறியவர்கள் உண்டு. ஜொயின்ட் வாங்கும்போது பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். ஹட்டனிலோ கொழும்பு பஞ்சிகாவத்தையிலோ உதிரிப்பாகக் கடையில் "135க்கு" என்று மட்டும் கேட்டால், கூம்பு அளவு மாறியதைத் தந்துவிட வாய்ப்புண்டு. கூம்பு சரியாக உட்காராத ஜொயின்ட்டை நட் மட்டுமே பிடித்திருக்கும். அதோடு இறக்கத்தில் இறங்க நான் தயாரில்லை.

10. இப்போது பொக்ஸ்

கீழே எல்லாம் சரி, ஆனாலும் ப்ளே இருக்கிறது என்றால் மேலே வாருங்கள். ஸ்டியரிங் வீலின் நடு நட் தளர்ந்திருக்கிறதா? வீலை மேலும் கீழும் இழுத்தால் தண்டு ஆடுகிறதா? ட்ரொப் ஆர்மின் நட் இறுக்கமா? பொக்ஸை உடலோடு பிடிக்கும் போல்ட்கள் இறுக்கமா? வீலை ஆட்டும்போது பொக்ஸே அசைந்தால் போல்ட்தான் குற்றவாளி. இது மிக மலிவான திருத்தம், அதனாலோ என்னவோ யாரும் பார்ப்பதில்லை.

அடுத்து ஒயில். பொக்ஸின் மூடியைத் திறந்து விரலையோ கம்பியையோ விட்டுப் பாருங்கள். 135இன் பொக்ஸில் கியர் ஒயில் 90 இருக்க வேண்டும். நம் பக்கத்தில் டிரக்டர் பெரும்பாலும் மழையில் நிற்கிறது. தண்டின் மேல்முனை வழியாகத் தண்ணீர் இறங்கி ஒயில் பால் தேத்தண்ணி நிறமாகியிருக்கும். அப்படியென்றால் முழுவதையும் வடித்து, கழுவி, புதிது ஊற்றுங்கள். மேல்முனை ரப்பரையும் மாற்றுங்கள், இல்லையென்றால் அடுத்த மழைக்கும் இதே கதை. ஒயிலுக்குப் பதிலாகக் கிரீஸ் அடைத்திருந்தால் அது சீல் ஒழுகுவதையோ ப்ளேயையோ மறைக்கச் செய்த வேலை. கிரீஸ் ஒருமுறை ஒதுங்கினால் பல் உள்ள இடத்துக்குத் திரும்பி வராது, பல் காய்ந்து ஓடும்.

கடைசியாகத்தான் சரிசெய்தல். சில பொக்ஸில் லொக் நட்டோடு ஒரு திருகாணி, சிலவற்றில் மூடிக்கு அடியில் மெல்லிய தகடுகள். எதுவானாலும் முன் சக்கரங்களைத் தூக்கி, லிங்கைக் கழற்றி, வீல் நடுவில் இருக்கும்போது மட்டும் இறுக்குங்கள். நேராகப் போகும் நிலையில்தான் பொக்ஸ் அதிகம் வேலை செய்கிறது, ஆகவே நடுவில்தான் பல் அதிகம் தேயும். ஓரங்களில் தேய்மானம் குறைவு. நடுவில் ப்ளே முழுவதும் போகும்வரை இறுக்கினால் ஓரத்துக்குப் போகும்போது பல் இறுகிப் பிடிக்கும். கொண்டையூசி வளைவில் முழுவதும் திருப்பிய ஸ்டியரிங் திரும்பி வராமல் நின்றால் என்ன ஆகும் என்று நானூஓயா, இறம்பொடைப் பக்கம் ஓட்டுபவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கால் சுற்றுக்கும் குறைவாக இறுக்கி, உடனே வீலை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை திருப்பிப் பாருங்கள். எங்கேயாவது பிடித்தால் தளர்த்துங்கள். பழைய டிரக்டரில் வீலின் விளிம்பில் ஒன்றிரண்டு அங்குலம் ப்ளே மிஞ்சினால் நான் விட்டுவிடுவேன். அதற்கு மேல் இருந்து, இறுக்கவும் இடமில்லையென்றால் பொக்ஸைக் கழற்றத்தான் வேண்டும். அந்த வேலையை அனுபவமுள்ள பாஸிடம் (மெக்கானிக்கிடம்) கொடுங்கள். நீங்களே கழற்றுவதானால் ஒவ்வொரு ஆர்மும் தண்டும், பல்லும் பல்லும் சேரும் இடத்தில் புள்ளி குத்தி அடையாளம் வையுங்கள். ஒரு பல் மாறிப் பூட்டினாலும் ஒரு பக்கம் நிறையத் திரும்பும், மறுபக்கம் பாதியில் நிற்கும்.

11. கனமான ஸ்டியரிங் மட்டும் பிரச்சினை என்றால்

பிரித்துப் பிரித்துத் தேடுங்கள். முன்பக்கத்தைத் தூக்கி வீலைத் திருப்புங்கள். தூக்கியபோது இலகு, இறக்கியபோது கனம் என்றால் டயர் காற்று, முன் பாரம், அல்லது கிங் பின்னில் பாரம் தாங்கும் பெயாரிங். தூக்கியும் கனம் என்றால் லிங்குகளைக் கழற்றி, சக்கரங்களைக் கையால் தனித்தனியாகத் திருப்புங்கள். எது கனமோ அந்தக் கிங் பின் வறண்டிருக்கிறது. சக்கரங்கள் இலகு, வீல் மட்டும் கனம் என்றால் பொக்ஸ்: ஒயில் இல்லை, அல்லது யாரோ அளவுக்கு மீறி இறுக்கிவிட்டார்கள். பாதித் தடவை இரண்டாவதுதான்.

கிங் பின்னுக்குக் கிரீஸ் அடிக்கும்போதும் சக்கரத்தைத் தூக்கிவிட்டு அடியுங்கள். தரையில் இருக்கும்போது பாரம் தாங்கும் பெயாரிங் நசுங்கி மூடியிருக்கும், கிரீஸ் மேல் புஷ் வழியாக வெளியே வழியும். போட வேண்டிய இடத்துக்குப் போகாது.

12. சக்கரக் கோணம்

ஆட்டம் எல்லாம் தீர்ந்த பிறகுதான் இது. முதலில் வீலை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை எத்தனை சுற்று என்று எண்ணி, பாதியில் நிறுத்திக் கட்டிவையுங்கள். பொக்ஸின் நடு அதுதான். இரண்டு தனி லிங்க் உள்ள டிரக்டரில் இதைச் செய்யாமல் ஒரு பக்க லிங்கை மட்டும் நீட்டினால், கோணம் சரியாக வந்தாலும் பொக்ஸ் ஓரத்தில் நின்று வேலை செய்யும்.

டிரக்டரைச் சமதரையில் சில அடி முன்னோக்கி உருட்டி நிறுத்துங்கள். இரு டயரின் முன்புறத்தில், ஹப்பின் உயரத்தில், நடுக்கோட்டில் சோக்கட்டிப் புள்ளி வைத்து இடைவெளியை அளவுங்கள். பிறகு அதே புள்ளிகள் பின்புறத்தில் அதே உயரத்துக்கு வரும்வரை முன்னோக்கி உருட்டி மறுபடி அளவுங்கள். புதுப் புள்ளி வைக்காமல் அதே புள்ளியை உருட்டுவதற்குக் காரணம் உண்டு: பழைய ரிம் எதுவும் நேராக இருக்காது, ஒரே புள்ளியை அளந்தால் ரிம்மின் வளைவு கணக்கில் வராது.

முன் அளவு பின் அளவைவிட 0 முதல் 6 மில்லிமீற்றர்வரை குறைவாக இருக்கலாம். உங்கள் டிரக்டரின் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதையே எடுங்கள். முன் அளவு கூடினால், அதாவது சக்கரங்கள் வெளியே பார்த்தால், டிரக்டர் பாதையில் அலையும். இரு பக்க லிங்கையும் சம அளவில் திருப்பி, லொக் நட்டை இறுக்கி, மறுபடி உருட்டி அளவுங்கள். இறுக்கும்போதே அளவு நகர்ந்துவிடுவது வழமை.

13. பவர் ஸ்டியரிங் உள்ளவர்களுக்கு

மேலே சொன்ன எல்லாவற்றையும் முதலில் முடியுங்கள். பவர் இருந்தால் தேய்ந்த கிங் பின் தெரியாது, பம்ப் சத்தமில்லாமல் இழுத்துக்கொண்டு போகும்.

பிறகு ஒயில் மட்டத்தைப் பாருங்கள். நுரை இருந்தால் எங்கோ காற்று உறிஞ்சுகிறது, பெரும்பாலும் பம்புக்கு வரும் ஹோஸின் கிளிப். பால் நிறம் என்றால் தண்ணீர். பெல்ட்டில் ஓடும் பம்பாக இருந்தால் பெல்ட்டின் இறுக்கத்தைப் பாருங்கள். ஒயில் கசிவைத் தேடும்போது கையால் தடவாதீர்கள், அட்டைத் துண்டைப் பிடியுங்கள். அழுத்தத்தில் ஊசிமாதிரி வரும் ஒயில் தோலைத் துளைத்து உள்ளே போகும். காயம் சிறிதாகத் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய விஷயம் அது.

காற்றை வெளியேற்ற, முன்பக்கத்தைத் தூக்கி, ஒயிலை நிரப்பி, என்ஜின் நின்றிருக்கும்போதே வீலை மெதுவாக ஓரம் ஓரமாகப் பல தடவை திருப்புங்கள். மட்டம் இறங்கினால் நிரப்புங்கள். பிறகு என்ஜினை மெதுவாக ஓடவிட்டு அதையே செய்யுங்கள். ஓரத்தில் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். அங்கே ஒயில், அழுத்தம் மீறினால் திறக்கும் ரிலீஃப் வால்வ் வழியாகச் சுற்றிச் சூடாகும், பம்ப் கத்தும். குமிழி நின்ற பிறகும் கனமாக இருந்தால் பம்பின் அழுத்தத்தை மீட்டர் போட்டுப் பார்க்க வேண்டும். மீட்டர் இல்லாமல் பம்பை மாற்றச் சொல்லும் கராஜைவிட்டு வெளியே வாருங்கள்.

14. கிரீஸ் அடித்து, ஓட்டிப் பார்ப்பது

இப்போது கிரீஸ் கன்னை எடுக்கலாம். கிங் பின், நடு பின், நிப்பிள் (கிரீஸ் கன்னைப் பொருத்தும் முனை) உள்ள ஜொயின்ட்கள் எல்லாவற்றுக்கும் பழைய கறுப்புக் கிரீஸ் போய்ப் புதிது எட்டிப் பார்க்கும்வரை அடியுங்கள். அதன் பிறகு 10 மணி நேர வேலைக்கு ஒருமுறை. சேற்றில் வேலை என்றால் தினமும், அதுவும் மாலையில். இரவு முழுக்கத் தண்ணீர் புஷ்ஷுக்குள் நிற்காமல் கிரீஸ் வெளியே தள்ளிவிடும்.

முதல் ஓட்டம் டிரெய்லர் இல்லாமல், சமதரையில், மெதுவாக. இரு பக்கமும் முழுவதும் திருப்பி, டயர் எங்கேயும் உரசவில்லை, ஹோஸ் எதுவும் இழுபடவில்லை என்று பாருங்கள். அப்புறம் பிரேக் பெடல்களைப் பூட்டிவிட்டு ஒரு சிறு இறக்கம். ஏறும்போது போடும் கியரிலேயே இறங்குங்கள், நியூட்ரலில் விடவே விடாதீர்கள். அது சரியென்றால் வெறும் டிரெய்லர், அதன் பிறகு பாரம்.

ஒரு நாள் வேலை முடிந்ததும் மறுபடி ஸ்பெனரை எடுத்து, கழற்றிப் பூட்டிய ஒவ்வொரு நட்டையும் தொட்டுப் பாருங்கள். புதுக் கூம்பு முதல் நாளில் சற்று உள்ளே இறங்கி உட்காரும், இறுக்கமாக இருந்த நட் கால் சுற்றுத் தளர்ந்திருக்கும். ஜொயின்ட் நட்டை இறுக்கும்போது ஸ்ப்ளிட் பின்னின் துளை தாண்டிப் போனால் துளைக்காக நட்டைத் தளர்த்தாதீர்கள், அடுத்த வெட்டுவரை முன்னோக்கியே இறுக்கிப் பின்னைப் போடுங்கள்.